தைவான் போன புத்தூர்க் கட்டு

சென்னை விமான நிலையத்தில் என் மகள் சுகுணாவின் வலது கையைத் தொட்டுப் பார்த்த காவலர் பெண், குனிந்து முகர்ந்தும் பார்த்தாள். உள்ளே பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை. அதற்கு மேல் துணி. பதின்மூன்று நாள் பழசு. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "பயப்படாதம்மா, குண்டு இல்ல, ஆம்லெட்டுதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சுகுணாவும் சிரிக்கவில்லை. சிரித்தவள் நான் ஒருத்திதான், அதுவும் பயத்தில்.

என் பயத்துக்குக் காரணம் அந்தக் கட்டு. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் போயும் நான் ஒரு வாய் சோறுகூட ஏன் ருசித்துத் தின்னவில்லை என்று உங்களுக்குப் புரியாது.

சுகுணா எலக்ட்ரானிக்ஸ் பேராசிரியை. திருத்தணியில் மின்சார ரயில் ஏறி, திருவள்ளூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறாள். செமிகண்டக்டர் என்பது அவள் பாடம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்கு அவள் புரியவைத்தது இவ்வளவுதான்: மணலிலிருந்து எடுத்த சிலிக்கானை அப்பளம் மாதிரி வட்டமாக, மெல்லிசாக அறுக்கிறார்கள். அதற்கு வேஃபர் என்று பேர். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கோலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் அது கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடியது. பஞ்சுத் தூசி படிந்த புத்தகத்தை ஊதி ஊதிப் படித்தவள் அவள். கல்லூரிக்கு வந்த பிறகும் கரும்பலகையில் சில்லு வரைந்துதான் பாடம் நடத்தினாள். அவளிடம் படித்த பிள்ளைகள் ஒருத்தரும் கல்லூரியில் ஒரு வேஃபரைத் தொட்டது கிடையாது. எட்டு வருஷமாக அவளே ஒரு சில்லு தயார்பண்ணிக்கொண்டிருந்தாள். கிணற்றுத் தண்ணீரில் விட்டால் உப்பு எவ்வளவு என்று சொல்லும், நகத்தளவு சில்லு. காகிதத்தில் அருமையாக வேலை செய்தது. காகிதத்தில் நான்கூட மகாராணிதான்.

அதை நிஜமாகச் செய்து பார்க்கத் தைவானில் ஒரு பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் மூன்று நாள் இடம் கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவள் அவளுடைய பழைய மாணவி நிர்மலா. கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவரின் மகள், இப்போது அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: இந்தத் தடவையும் வெறுங்கையோடு வந்தால் உங்கள் ஆய்வகத்தை மூடிவிட்டு அந்த அறையை வேறு துறைக்குக் கொடுத்துவிடுவோம்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறினோம். என் வேண்டுதல்தான். எண்ணெய் சிந்திய படியில் கால் வழுக்கி, சுகுணா வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

எனக்கு ஆஸ்பத்திரி என்றால் குலை நடுங்கும். என் வீட்டுக்காரருக்குத் தறி பெல்ட்டில் கை மாட்டியபோது கம்பி வைத்தார்கள். அந்த விரல்கள் அதற்கப்புறம் ஒரு பீடியைக்கூடப் பிடிக்கவில்லை. அந்த நினைப்பில், கத்திக்கொண்டிருந்தவளைக் காரில் போட்டு, நேரே எலும்பு கட்டுகிற ஆந்திரத்துப் புத்தூருக்குக் கொண்டுபோனேன். கட்டுக்காரப் பெரியவருக்குத் தமிழ் நன்றாக வரும். நான் வேண்டுமென்றே தெலுங்கில் ஆரம்பித்தேன். நகரியில் பிறந்தவள் நான். சுகுணா ஆறாம் வகுப்பிலிருந்து சென்னை ஹாஸ்டலில் வளர்ந்தவள். அவளுடைய தெலுங்கு 'நைனா', 'பாவா'வுக்கு மேல் நகராது.

பெரியவர் தெலுங்கில் சொன்னது இது: முப்பத்தைந்து நாள். நடுவில் அவிழ்த்தால் எலும்பு கோணிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கையில் நுணுக்கமான வேலை எதுவும் ஓடாது.

பெரியவர் பச்சிலை எடுக்க உள்ளே போனதும், கண்ணில் நீர் வழிய, "இன்னாம்மா சொல்றாரு?" என்று கேட்டாள் சுகுணா.

"பதினஞ்சு நாளாம்" என்றேன்.

பதினைந்தாம் நாள்தான் அவள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய வேண்டிய நாள். முப்பத்தைந்து என்றால் அடுத்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள். எலக்ட்ரானிக்ஸ் என்றால் பொத்தான் அமுக்குவதுதானே, இடது கை போதாதா, அந்த ஊரில் யார் இந்தக் கட்டைப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். தலை வாரவும் துணி உடுத்தவும் அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மலேசியா முருகனைப் பார்க்க எடுத்துவைத்த பாஸ்போர்ட் என்னிடம் சும்மா கிடந்தது. பேரன் பேத்தி எடுத்த வயதில், ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

விமானத்தில் மாட்டுக்கறிக்குப் பயந்து சைவம் என்று சொன்னதற்கு வேகவைத்த பூசணியும் ஒரு கேரட்டும் வந்தன. உப்பு இல்லை. நான் பக்கத்தில் கேட்கப் போனேன். சுகுணா சிரித்துவிட்டு, தன் வேலையில் உப்புதான் முதல் எதிரி என்று சொல்ல ஆரம்பித்தாள். வேஃபரை வைத்து வேலை செய்யும் அறைக்குச் சுத்த அறை என்று பேராம். ஒரு முடி விழக்கூடாது. பவுடர், மஞ்சள், குங்குமம், விபூதி எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. பென்சில்கூட உள்ளே வரக்கூடாதாம், கரி உதிரும் என்று. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை மாட்டி, காற்றால் குளிப்பாட்டித்தான் உள்ளே விடுவார்கள். வேர்வையில் இருக்கிற உப்பு ஒரு துளி பட்டாலும் அந்தச் சில்லு கெட்டது.

நான் கேரட்டைக் கீழே வைத்தேன். முடிந்தவரை சாதாரணமாக, "அப்ப கட்டு போட்டுகினு உள்ள போனா?" என்று கேட்டேன்.

"எலையும் முட்டையுமா? வாசல்லயே தொரத்திடுவாங்க. அதான் பதினஞ்சு நாளுல அவுத்துடப் போறமே" என்றாள்.

விமானம் ஒரு குலுக்கு குலுக்கியது. பக்கத்து ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது தெரியக்கூட இல்லை.

தைவானில் இறங்கிய முதல் நாள் நிர்மலா வந்து அழைத்துப்போனாள். முப்பது வயது, கிராப்பு வெட்டிய தலை, சத்திரத்துப் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. அவர்களுடைய ரயிலில் ஊசி விழுந்தால் கேட்கும். நம் திருத்தணி வண்டியில் ஒரு பெட்டிக்குள் கொய்யாக்காய், சமோசா, இரண்டு சண்டை, ஒரு சம்பந்தப் பேச்சு எல்லாம் ஏறி இறங்கும். இங்கே எல்லாரும் வாயை மூடி உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஓர் அமைதியில் மனுஷி தன் மனசில் இருப்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ரயிலை விட்டுப் பஸ் ஏறினோம். கதவு மூடும்போது என் முந்தானை வெளியே மாட்டிக்கொண்டது. பஸ் கிளம்பிவிட்டது. வெளியே முந்தானை கொடி மாதிரி பறக்க, உள்ளே நான் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு, சேலையைக் காப்பதா மானத்தைக் காப்பதா என்று தெரியாமல் நின்றேன். ஸ்கூட்டரில் ஒரு பெண் ஹார்ன் அடித்தபடி துரத்தி வந்தாள். அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்ததும் ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினாள், என்னைப் பார்த்துக் கத்தினாள், வானத்தைப் பார்த்தும் கொஞ்சம் கத்தினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"பத்திரமா போங்கன்றாங்க, பாட்டி" என்றாள் நிர்மலா.

அவ்வளவு நேரக் கத்தலுக்கு இரண்டு வார்த்தையா? மீதி எங்கே போச்சு? மொழி தெரியாதவள் கை எப்படி மொழி தெரிந்தவள் கைக்குள் போய் மாட்டுகிறது என்பதை அந்த நிறுத்தத்தில்தான் உணர்ந்தேன். புத்தூரில் சுகுணாவின் நிலைமை இதுதானே.

தங்கிய இடத்துக்குக் கீழே ஒரு சந்தைத் தெரு. சாக்கடையைப் பொரித்தது மாதிரி ஒரு வாசனை. புளிக்கவைத்த சோயாக் கட்டியாம், வரிசையில் நின்று வாங்கித் தின்கிறார்கள். அந்த வாசனையில் எங்கள் கட்டு சந்தனமாக மணந்தது. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெண் உட்கார்ந்து வெற்றிலையில் பாக்கு மடித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பாக்கு, சிவப்புச் சுண்ணாம்பு. ஒன்று வாங்கிப் போட்டதும் காது சுட்டது. பாக்குக்காரி சுகுணாவின் கையைப் பார்த்தாள், மூக்கை நீட்டினாள், தெருக்கோடியைக் காட்டினாள். அங்கே ஒரு கடை வாசலில் கையும் காலும் வரைந்த பலகை. இங்கேயும் எலும்பு கட்டுகிறவர் இருக்கிறார் என்றாள் நிர்மலா.

எனக்கு உயிர் வந்தது. சுகுணா அறையில் படுத்ததும், வெற்றிலை வாங்கவேண்டும் என்று நிர்மலாவைக் கிளப்பிக்கொண்டு போனேன். என் யோசனை இதுதான்: மூன்று நாள் அவிழ்த்துவிட்டு, வேலை முடிந்ததும் இங்கேயே ஒரு கட்டு போட்டுவிடலாம். நடுத்தெருவில் நிர்மலாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் நடக்காமல் நின்றுவிட்டாள். மேடத்துக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டிய விதத்திலேயே பதில் கிடைத்துவிட்டது.

கடைக்குள் பச்சிலை வாசனை அப்படியே புத்தூர். பல் இல்லாத ஒரு தாத்தா உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார். நிர்மலா அன்று தன் போனில் எடுத்திருந்த கட்டின் படத்தைக் காட்டினாள். அவர் பெரிதாக்கிப் பார்த்தார், மூங்கில் தப்பையை எண்ணினார், முடிச்சைப் பார்த்துத் தலையாட்டினார். எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டார். பிறகு நீளமாகப் பேசினார்.

"முழுசா சொல்லு, நிர்மலா. ஒரு வார்த்தையும் முழுங்காத" என்றேன்.

அவர் சொன்னதை அவள் அப்படியே முழுசாகச் சொன்னாள். கட்டியவர் தொழில் தெரிந்தவர். இந்த நாளில் அவிழ்த்தால் எலும்பு பாதி வெந்த சேமியா மாதிரி இருக்கும். நல்லவர் போட்ட முடிச்சைப் பாதியில் அவிழ்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தப் பெண் கையால் என்ன வேலை செய்கிறாள்? ஆசிரியை என்றால், வாயால் சொல்லிக்கொடுக்கச் சொல்.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. வெளியே வந்தோம். நிர்மலா என் தோளைத் தொட்டு, "நான் சொல்ல மாட்டேன் பாட்டி. நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

மறுநாள் காலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்ட கஞ்சி கொடுத்தார்கள். நம் வீட்டுக் கஞ்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. என்னால் விழுங்க முடியவில்லை. அறைக்கு வந்ததும் சுகுணா கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தாள். துவைத்த துண்டை மடியில் விரித்து, கட்டை அதன்மேல் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெட்டும்மா. மணியாவுது."

கத்தரிக்கோலின் வாய் ஒரு முறை திறந்து மூடியது. துணியில் வைக்கவில்லை.

"என்னால ஆவாதுடி."

"அப்ப நிர்மலாவ வெட்டச் சொல்றேன்."

"வெட்டக் கூடாது. அவரு பதினஞ்சுன்னு சொல்லல."

சுகுணா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்காமல் கட்டைப் பார்த்தே கேட்டாள். "எத்தினி சொன்னாரு?"

"முப்பத்தஞ்சு."

"நடுவுல அவுத்தா?"

அதையும் சொன்னேன். கோணும் என்றேன், நுணுக்க வேலை ஓடாது என்றேன். தெருக்கோடித் தாத்தாவின் சேமியாவையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். எட்டு வருஷத்தை என் தலையில் எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் துண்டை மடித்து வைத்தாள், ஒற்றைக் கையால், நான்கு மூலையும் சரியாக. பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"தலைய வாரி வுடு. லேட்டாவுது."

அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஆய்வுக்கூடத்துப் பொறுப்பாளர் லின் என்ற அம்மாள். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். கட்டை அமுக்கிப் பார்த்தாள். உதிர்ந்த பச்சிலைத் தூள் ஒன்றை விரலில் ஒட்டி வெளிச்சத்தில் பார்த்தாள். பாம்பைப் பிடித்தவள் மாதிரி அந்த விரலைத் தள்ளி வைத்துக்கொண்டே நிறைய நேரம் பேசினாள்.

"வேணாம்ன்றாங்க" என்றாள் நிர்மலா.

"அவ்ளோ பேசினாங்களே?"

"மீதியெல்லாம் காரணம், பாட்டி."

ஒரு காரணத்தை மட்டும் அந்த அம்மாள் இரண்டாம் தடவை என்னைப் பார்த்தே சொன்னாள். நிர்மலா அதை ஒரு எழுத்துக்கூட விடாமல் தமிழில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் போட்ட கட்டாக இருந்தால் மேலே பிளாஸ்டிக் சுற்றி உள்ளே விட்டிருப்பார்களாம். முன்பு ஒருவரை அப்படி விட்டிருக்கிறார்களாம். எதை முழுங்கவேண்டுமோ அதை இந்தப் பெண் முழுங்கமாட்டாள் போலிருக்கிறது.

சுகுணா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நிர்மலா கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றாள். பிறகு, "நான் பண்றேன் மேடம். நீங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுகினு சொல்லுங்க" என்றாள்.

சுகுணாவிடம் இருந்தவை நான்கே வேஃபர்கள். அவள் கல்லூரியில் எதையும் யாரிடமும் கொடுத்துப் பழகாதவள். சின்ன மீட்டரைக்கூடத் தானே துடைத்து, தானே பூட்டி வைப்பாள்.

"இந்தப் பேப்பர்ல என்னிய ரெண்டு தபா ஃபெயில் பண்ணீங்க. அந்த பயமா?" என்றாள் நிர்மலா.

"மூணு தபா பண்ணியிருக்கணும். போய் டிரெஸ் மாட்டு" என்றாள் என் மகள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம், சுவருக்கே மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினாற்போல. வெள்ளை உடையில் கண் மட்டும் தெரிய நிர்மலா நின்றாள். வேலை என்னவென்றால், வேஃபரில் முதலில் போட்ட கோலத்தின்மேல் அடுத்த கோலத்தைச் சரியாகப் பொருத்தவேண்டும். ஒரு முடியை நூறாகக் கிழித்தால் எவ்வளவு வருமோ, அவ்வளவு விலகினாலும் போச்சு. சுகுணா இடது காதில் போனை வைத்து, தோளால் தாங்கிக்கொண்டு, இடது கையால் கண்ணாடிமேல் இல்லாத ஒரு திருகைத் திருகினாள். கொஞ்சம் இடது. இன்னும். நிறுத்து. மூச்சு விடு. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது விரல்களும் துடித்தன. அந்த விரல்களை நான் எடுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் உதறவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

முதல் வேஃபர் போயிற்று. கோலம் விலகிவிட்டது. நிர்மலா கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தாள். திட்டு வாங்கக் காத்திருக்கும் பிள்ளையின் கண் எந்த ஊரிலும் ஒன்றுதான். "பரவால்ல. இப்ப உன் கைக்கு அது பழகிடுச்சி. அடுத்தது எடு" என்றாள் சுகுணா. மாலைக்குள் இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. மூன்றாவதும் உட்கார்ந்தது. நான்காவதை ஒரு கஷ்டகாலத்துக்கு இருக்கட்டும் என்று பெட்டியிலேயே வைத்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டாம் நாள் மதியம். கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீயில் வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று தாழ்வாரத்தில் இருந்த எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது. என்ன என்று கேட்பதற்குள் தரை நகர்ந்தது. தறி ஓடும் வீட்டில் தரை அதிரும், அது எனக்குப் பழக்கம். இது அந்த அதிர்வு மாதிரி இல்லை. யாரோ கட்டடத்தைத் தூக்கி முறத்தில் போட்டுப் புடைப்பது மாதிரி இருந்தது. முட்டை உருண்டு போனது. நான் சுகுணாவின் கட்டை என் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். பொய் சொன்னது நான், என்னை மட்டும் எடுத்துக்கொள் என்று கேட்டேன்.

உள்ளே மஞ்சள் விளக்கு ஆடியது. நிர்மலா இடுக்கியில் வேஃபரைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பின்னால் அமில மேடை.

சுகுணா போனில் கத்தினாள். "வுடு. கீழ போட்டுட்டு குனி. நிர்மலா, வேஃபர வுடுடி."

எட்டு வருஷத்தைக் கீழே போடச் சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நிர்மலா கீழே போடவில்லை. குனிந்து, வேஃபரைப் பெட்டிக்குள் வைத்து மூடி, அதற்கப்புறம்தான் மேஜைக்குக் கீழே புகுந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் நின்றது. சுற்றி இருந்தவர்கள் போனைப் பார்த்துவிட்டு, மழை நின்றது மாதிரி வேலைக்குத் திரும்பினார்கள். என் பல் மட்டும் தந்தியடித்துக்கொண்டே இருந்தது.

நிர்மலா வெளியே வந்து முகமூடியைக் கழற்றினாள். சுகுணா அவளை இடது கையால் அணைத்துக்கொண்டு, அழுதபடியே திட்டினாள். "சொன்னா கேக்கறியாடி நீ. இந்த தபாவும் ஃபெயிலு."

மேஜையில் இருந்த இன்னொரு வேஃபர் விழுந்து உடைந்திருந்தது. இயந்திரங்களைச் சோதிக்கவேண்டும் என்று அன்று மீதி வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆக, வேலை பாதியில் நிற்கும் ஒரு வேஃபரும், ஒரே ஒரு பகலும் மிச்சம். தொடாத நான்காவதை முதலிலிருந்து செய்ய நேரம் கிடையாது.

அந்தக் கடைசிப் பகலைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. மதியம்வரை ஒரு கழிப்பறைக்கும் பெஞ்சுக்கும் இடையில் நடந்தேன். நான்கு மணிக்கு மேல் வெளி அறைக்கு வேஃபரைக் கொண்டுவந்தார்கள். இதை நானும் பார்க்கலாம் என்றார்கள். அப்பளத்தில் வானவில் படிந்திருந்தது. சுகுணாவின் நகத்தளவு கட்டங்கள், வரிசை வரிசையாக. ஒரு கட்டத்தின்மேல் ஊசிகளை இறக்கி, ஒரு துளி நல்ல தண்ணீர் விட்டாள் நிர்மலா. கணினியில் ஒரு கோடு படுத்துக் கிடந்தது. அப்படித்தான் இருக்கவேண்டுமாம். அடுத்து உப்புத் தண்ணீர் ஒரு துளி.

கோடு படுத்தேதான் கிடந்தது.

லின் அம்மாள் கண்ணாடியை மாட்டினாள். நிர்மலா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். சுகுணா குனிந்து ஊசியையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆய்வகத்து அறைக்குப் பூட்டு மாட்டுகிற சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது. பிறகு அவள் மெதுவாக, "மூணாவது ஊசி தொடல. ஒரு மயிரளவு எறக்கு" என்றாள்.

நிர்மலா இறக்கினாள். கோடு எழுந்தது. திருத்தணிப் படி மாதிரி நின்று நின்று ஏறியது. இன்னொரு துளி விட்டால் இன்னொரு படி.

சுகுணா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். நான் உண்மையைச் சொன்னதிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "ஆங்" என்றாள். அவ்வளவுதான். லின் அம்மாள் அவள் கட்டைத் தட்டிக்கொடுத்து ஏதோ நீளமாகச் சொன்னாள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக் கட்டோடு வரச் சொல்கிறார் என்றாள் நிர்மலா. அது பாதிதான் என்று எனக்குத் தெரியும். மொழிபெயர்க்கிறவர்கள் முழுங்கும்போது தொண்டை எப்படி அசையும் என்பது எனக்குத் தெரியாததா? நான் கேட்கவில்லை.

திரும்பும் விமானத்தில் அதே பூசணி, அதே கேரட். சுகுணா தன் ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். பிரித்துக் கொடுத்தேன். பாதியை என் தட்டில் வைத்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்று நான் நினைக்கும்போது சொன்னாள்.

"இனிமே எனக்கு நீ மொழிபெயர்க்கக் கூடாதும்மா. பெரியவர நானே கேட்டுக்கறேன். தமிழ்ல."

"ஆவட்டும்" என்றேன்.

முப்பத்தைந்தாம் நாள் புத்தூருக்குப் போனோம். வாசலில் இறங்கும்போது கல்லூரியிலிருந்து போன் வந்தது. அறையை மூடுகிற பேச்சை இந்த வருஷத்துக்கு நிறுத்திவைத்திருக்கிறார்களாம், அந்தக் கோட்டின் படத்தைப் பார்த்துவிட்டு. அவள் மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் உள்ளே போனேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்தாள். பெரியவர் துணியை நனைத்து, பச்சிலையை உரித்து, மூங்கிலை ஒவ்வொன்றாக எடுத்தார். வெளுத்துச் சுருங்கிய கை வெளியே வந்தது. நான் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலால் ஒவ்வொரு விரலையும் தொடச் சொன்னார். நான்கையும் தொட்டுவிட்டாள் என்று அவள் மூச்சு விட்டதில் தெரிந்தது. நேராக இருந்தது கை.

"இனிமே நான் எப்ப வேலை செய்யலாங்க?" என்று அவளே கேட்டாள், தமிழில், நிறுத்தி நிறுத்தி.

"இன்னும் ஒரு மாசம் எதையும் தூக்காதம்மா. நுணுக்க வேலையும் வேணாம்" என்றார் பெரியவர், நல்ல தமிழில்.

சுகுணா என்னைப் பார்த்தாள். நேராகக் கேட்டு, நேராகப் பதில் வாங்கியவளின் பார்வை. நான் பணிவாகத் தலையாட்டினேன்.

பெரியவரின் கணக்கு மூன்று வாரம்தான். ஒரு வாரம் சேர்த்துச் சொல்லுங்கள் நைனா, இவள் சொன்ன நாளுக்கு முன்னாலேயே இடுக்கியை எடுத்துவிடுவாள் என்று, அவள் மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தபோது நான்தான் கேட்டுக்கொண்டேன். தெலுங்கில்.